வெள்ளைக் கட்டைகள் மட்டும்

"என் ஆம்புலன்ஸைக் காணோம்!"

வாசலில் மூச்சிரைக்க நின்ற நர்ஸ் இப்படிச் சொன்னதும், மாப்பிள்ளை துள்ளி எழுந்தார்.

"ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸா? டிரைவரோடவா?"

"டிரைவரை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆம்புலன்ஸ் இத்தனூண்டு இருக்கும்" என்று நர்ஸ் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினார். "சின்னப் பிள்ளைங்க கட்டி விளையாடுற பிளாஸ்டிக் கட்டை செட்டுங்க."

மாப்பிள்ளைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் முறத்தைக் கீழே வைத்தார்.

"கிடைச்சிடும். முதல்ல உக்காருங்க."

அத்தை ரயில் நிலையத்தில் காணாமல் போன பொருட்கள் பிரிவுக்கு அதிகாரி. குடை, ஒற்றைச் செருப்பு, கல்யாணப் புடவை என்று எதைத் தொலைத்துவிட்டு யார் ஓடி வந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை 'கிடைச்சிடும்'தான். அதுவே அவருக்குப் பட்டப்பெயரும் ஆகிவிட்டது. மாப்பிள்ளையோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். விடுமுறை நாளில் அத்தை எங்காவது துப்புத் துலக்கக் கிளம்பினால் அவருக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். 'பொண்ணு பாக்க வந்தப்பவே இவர் பாத்தது எங்கம்மாவைத்தான்' என்று அவர் மனைவி கேலி செய்வதில் தப்பே இல்லை.

நர்ஸ் விஷயத்தைச் சொன்னார். குழந்தைகளுக்கான அந்த எளிய கட்டை செட்டுகளைப் பெரியவர்களாகியும் சேகரிப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அன்று மாலை அவர்களுடைய கண்காட்சி. முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் தன் ஆம்புலன்ஸை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் வந்து பார்த்தால் இல்லை.

"கடையில வேற வாங்க முடியாதா?" என்றார் மாப்பிள்ளை.

"வேற வாங்கினா என் உசுரே போயிடும்" என்றார் நர்ஸ். "அது அக்காவும் நானும் வச்சு விளையாடினது. அப்பா அம்மா போனப்புறம் வீட்டைக் காலி பண்ணினது நான்தான். பொம்மைப் பெட்டி எங்கயோ மாட்டிக்கிச்சு. நான் வித்துட்டேன்னு அக்கா முடிவே பண்ணிட்டா. 'நம்ம வீட்டையே வித்துத் தின்னுட்டே'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனவ, இத்தனை வருஷமா பேசலை. போன வருஷம் சித்தி வீட்டுப் பரண்ல பெட்டி கிடைச்சது. போட்டோ அனுப்பினேன். 'போட்டோல என்ன வேணா பண்ணலாம், நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்'னா. இன்னிக்குச் சாயங்காலம் வர்றா."

"பாத்ததும் அதே வண்டின்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று கேட்டார் அத்தை.

"கூரை மேல அக்கா ரெண்டு பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருந்தா. வண்டி ஜன்னல்லயே நின்னு நின்னு வெயில்ல மஞ்சளாப் போச்சு. அப்புறம் பிளாஸ்திரி உதிர்ந்துடுச்சு. அது இருந்த இடம் மட்டும் மஞ்சளாகாம, கூட்டல் குறி மாதிரி வெள்ளையா இருக்கும். வேற எந்த வண்டியிலயும் அது இருக்காதுங்க."

"சங்கத்துல இதைச் சொல்லியிருக்கீங்களா?"

"அக்கா வர்றான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். குறியைப் பத்திச் சொல்லலை. அவங்க அதைக் கறைன்னுதான் சொல்லுவாங்க."

கண்காட்சிக் கூடம் சங்கத் தலைவரின் வீட்டு முதல் மாடியில் இருந்தது. சுவரோரம் அலமாரிகள், அவற்றில் பண்ணை வீடு, தீயணைப்பு வண்டி, ரொட்டிக் கடை என்று ஒரு குட்டி ஊரே குடியிருந்தது. கதவுக்கு மேலே தலைவரின் கையெழுத்தில் சங்க விதி தொங்கியது: 'வெளுக்காதே, ஒட்டாதே, சாயம் பூசாதே. இருப்பதை இருந்தபடி வை.'

நர்ஸின் அலமாரியில் ஆம்புலன்ஸ் முழுவதுமாகக் காணாமல் போயிருக்கவில்லை என்பதை மாப்பிள்ளை அப்போதுதான் கண்டார். கறுப்பு அடிப்பாகம் சக்கரங்களோடு அப்படியே நின்றது. பக்கத்தில் சிவப்பு விளக்கும், நீலச் சட்டை டிரைவரும், பச்சைப் போர்வை நோயாளியும் பஞ்சு விரித்த சின்ன டப்பாவில் படுத்திருந்தார்கள். மேல்கூரையும் இரண்டு கதவுகளும் தூக்குப் படுக்கையும்தான் இல்லை.

"இதுல எது விலை போகும்?" என்று அத்தை கேட்டார்.

"டிரைவர்தான். நீலச் சட்டை டிரைவர் கிடைக்கவே மாட்டார்" என்றார் நர்ஸ். "போனதெல்லாம் எல்லார்கிட்டயும் குப்பையாக் கிடக்குற வெள்ளைக் கட்டைங்க."

"முட்டாள் திருடன்" என்று மாப்பிள்ளை தீர்ப்பு எழுதினார்.

முந்தின நாள் நர்ஸ் போன பிறகு கூடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் ஓவிய ஆசிரியர். அவர் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பெரிய செட் சேக்குறவங்க எங்களைக் கிண்டல் பண்ணுவாங்க சார். அவங்க கார்ல நூறு துண்டு இருக்கும். இதுல அடிப்பாகம் ஒண்ணு, கதவு ரெண்டு, கூரை ஒண்ணு, வேலை முடிஞ்சது. 'இதெல்லாம் ஒரு கட்டுமானமா?'ம்பாங்க. ஆனா சார், மூணு வயசுல யார் உதவியும் இல்லாம ஒரு காரை நானே முடிச்சேன். அதுக்கப்புறம் வாழ்க்கையில எதையும் அப்படி முழுசா முடிச்சதா ஞாபகமில்ல."

மாப்பிள்ளை தலையாட்டினாலும் கண் மட்டும் அவருடைய சட்டைக் கையிலேயே இருந்தது. அங்கே வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

இரண்டாமவர் அழகு நிலையம் நடத்தும் பெண்மணி. ரொட்டிக் கடையைத் துடைத்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசினார். "தலைவர் மேல சந்தேகப்படாதீங்க. தங்கமான மனுஷன். என் கடைக்கே அவர்தான் பெரிய வாடிக்கை. முடி வெளுக்குற கிரீம் மாசம் தவறாம டப்பா டப்பாவா வாங்குவார்."

மூன்றாமவர் தலைவர். ஓய்வுபெற்ற தணிக்கையாளர், தலை வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வழுக்கை. தன்னுடைய ஆஸ்பத்திரி செட்டைக் காட்டியபோது அவர் நெஞ்சு நிமிர்ந்தது. சுவர், கட்டில், கதவு எல்லாம் பால் மாதிரி வெள்ளை. வாசல் பலகையில் எழுத்து மட்டும் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது.

"நர்ஸம்மா செட்டுக்கும் இதுக்கும் ஒரே வயசு" என்றார். "வெயில் படாம வச்சிருந்தேன், அவ்வளவுதான். வீட்டுல நான் ஒண்டிக்கட்டை. தொட்டுக் கெடுக்க ஆளில்ல."

"எழுத்து ரோஜா நிறமா?" என்றார் அத்தை.

"அது... சிவப்புதான் முதல்ல" என்றவர், ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளையால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அத்தை, கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்! ஓவிய ஆசிரியர் சட்டையில வெள்ளைச் சாயம்! போனதும் வெள்ளைக் கட்டை!"

ஓவிய ஆசிரியர் தன் கையை வெறித்துப் பார்த்தார். "சார், இந்த அலமாரிக்கெல்லாம் நேத்து நான்தானே பெயின்ட் அடிச்சேன். நீங்க சாஞ்சு நிக்கிறதும் அதுலதான்."

மாப்பிள்ளை திரும்பித் தன் முதுகைப் பார்க்க முயன்று தோற்றார். அத்தை சிரிக்கவில்லை, சிரிப்பை விழுங்கிய முகம் மாப்பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

"ஆனா ஒரு விஷயம் சரியாச் சொன்னீங்க மாப்பிள்ளை. போனது வெள்ளைக் கட்டை மட்டும். எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க."

குழந்தைகளுக்குப் போட்டிருந்த குட்டி நாற்காலிகளில் எல்லோரும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

"என் ஆபீஸுக்குப் பெட்டியைத் திறந்து திருடின கேஸ் நிறைய வரும்" என்று ஆரம்பித்தார் அத்தை. "நகையை எடுத்துட்டுத் துணியை விட்டா அது திருட்டு. துணியை எடுத்துட்டு நகையைப் பத்திரமா முடிஞ்சு வச்சா அது திருட்டில்ல, சலவை. இங்க அரிய டிரைவருக்குப் பஞ்சு மெத்தை போட்டிருக்கு. எடுத்தவருக்கு இந்தப் பொம்மை மேல பாசம் இருக்கு. சிவப்பை விட்டார், நீலத்தை விட்டார், கறுப்பை விட்டார். வெள்ளைக்கு மட்டும் வர்ற நோய் என்ன?"

"மஞ்சளாகுறது" என்றார் நர்ஸ் மெல்ல.

"அதுக்கு மருந்து உண்டாம்மா?" என்று அழகு நிலையப் பெண்மணியைப் பார்த்தார் அத்தை.

"பழைய பிளாஸ்டிக்ல முடி வெளுக்குற கிரீமைத் தடவி வெயில்ல வச்சா வெளுத்துடும்னு கேள்விப்பட்டிருக்கேன். கலர்ல பட்டா கலரும் போயிடும். அதான் நம்ம சங்கத்துல..." என்றவர் கதவுக்கு மேலிருந்த விதியைப் பார்த்தார். பிறகு தலைவரின் தலையைப் பார்த்தார். வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"அதான் சிவப்பு எழுத்து ரோஜா ஆச்சு" என்றார் அத்தை. "தலைவரே, தப்பா நினைக்காதீங்க. டப்பா டப்பாவா கிரீம் வாங்குறீங்க. வீட்டுல ஒண்டிக்கட்டைன்னும் சொல்றீங்க. எந்த முடிக்குன்னுதான் எனக்குப் புரியலை."

 ஓவிய ஆசிரியர் ஆரம்பித்த சிரிப்பு நாற்காலி நாற்காலியாகத் தாவியது. தலைவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"நல்லது பண்ணத்தான் நினைச்சேன்" என்றார் பரிதாபமாக. "அக்கா வர்றப்ப வண்டி அழுக்கா இருந்தா அந்தப் பொண்ணுக்கு அவமானமில்லையா? சாயங்காலத்துக்குள்ள வச்சிடலாம்னுதான் நேத்து எடுத்தேன். காலையில அது வந்து அழுதப்ப உண்மையைச் சொல்ல வாய் வரலை. சொன்னா என் செட்டெல்லாம் வெளுத்ததுன்னு தெரிஞ்சிடும். விதியை எழுதினவனே நான்தானே."

எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். ஒரு தட்டில், மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், கிரீமில் முங்கிக் கிடந்தன கட்டைகள். அத்தை குழாயடியில் கூரையைக் கழுவி நீட்டினார். நர்ஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளிச்சென்ற வெள்ளை. கூட்டல் குறி இருந்த சுவடே இல்லை.

"புதுசு மாதிரி இருக்கில்ல?" என்றார் தலைவர்.

நர்ஸ் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். குறியைப் பற்றி அத்தை சொன்னதும் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். 'கிடைச்சிடும்' என்று அத்தை சொன்னது கிடைத்துவிட்டது; ஆனால் வேண்டியது போய்விட்டது. 

அக்கா வெளிச்சம் குறையத் தொடங்கும் நேரத்தில் வந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"எங்க அது?"

தங்கை எடுத்துக் கொடுத்தார். அக்காவின் முகம் இறுகியது. "இது புதுசு."

"நேத்து வரைக்கும் பிளாஸ்திரிக் குறி இருந்துச்சுக்கா. இப்ப இல்ல. நம்பினா நம்பு."

"என் தப்பும்மா, நான்தான் வெளுத்துட்டேன்" என்று தலைவர் குறுக்கே வந்தார். அத்தையும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அக்கா யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. அவருடைய கட்டைவிரல் கூரையின் மேல் ஊர்ந்துபோய் ஓரிடத்தில் நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணருகே கொண்டுபோனார்.

"இந்த ரெண்டு பள்ளம் என்னன்னு தெரியுமா உனக்கு?"

"செய்யும்போதே அப்படி வந்ததுன்னு நினைச்சேன்."

"செய்யும்போதா? உன் பல்லுடி அது!" அக்காவின் குரல் உடைந்தது. "கண்டதையெல்லாம் கடிப்பே. இன்னொரு தடவை கடிச்சா பொம்மையெல்லாம் தூக்கிப் போட்டுடுவேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. அன்னிக்கே போய்க் கூரையைக் கடிச்சு வச்சே. அம்மா கண்ணுல படக்கூடாதுன்னுதான் பிளாஸ்திரி ஒட்டினேன். அம்மா கேட்டதுக்கு ஆம்புலன்ஸுக்கே அடிபட்டிருச்சுன்னேன்."

"என்கிட்டயும் அதைத்தானேக்கா சொன்னே!"

"உண்மையைச் சொன்னா நீயே அம்மாகிட்டப் போய் உளறியிருப்பே."

தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அத்தையின் காதோரம் குனிந்தார்.

"அத்தை, கழுவும்போது அந்தப் பள்ளத்தை நீங்க பாக்கலையா?"

"பாத்தேன் மாப்பிள்ளை. ஒண்ணும் புரியலை" என்றார் அத்தை, கொஞ்சமும் வெட்கப்படாமல். "சில பொருளை அதோட சொந்தக்காரங்கதான் அடையாளம் சொல்லணும்."

அக்கா குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து தங்கையையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசிட்டுக் கிளம்பினேனே. ஏண்டி நீ ஒரு வார்த்தை சண்டை போடலை? ஏன் என் பின்னாடி வரலை?"

"வந்தேன்க்கா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்தேன். பஸ் கிளம்பிடுச்சு."

 தங்கையின் கையைப் பிடித்த அக்கா, கூட்டமெல்லாம் கலைந்து தலைவர் ஜன்னல்களைச் சாத்தும்வரை விடவே இல்லை.