அப்பன் கிளாஸில் இருந்த தேதி

"இந்தச் செயலியை எழுதுன ஆளுக்கு அறிவே இல்லை!"

சொல்லிவிட்டுத் திரும்பிய கௌசிக், பண்ணை ஆபீஸ் வாசலில் நனைந்து நின்றவளைப் பார்த்தான். இமையில் மழைத்துளி நின்றது... அவள் கண் சிமிட்டவில்லை.

"நான்தாங்க எழுதுனேன். பேரு தனப்பிரியா. ஆபீஸ் சாவியைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நாமக்கல்லில் பெரிய முட்டைப்பண்ணை அது. முதலாளி அர்த்தநாரி, அங்கே கணினி வேலை பார்க்கும் கௌசிக்குக்குப் பெரியப்பா. போன வாரம் வெள்ளைக்கழிச்சல் நோயில் ஒரு கொட்டகைக் கோழிகள் மொத்தமும் செத்தன. பண்ணையின் ஐபோன் செயலியில் தடுப்பூசித் தேதிக்கே இடமில்லை என்று கௌசிக் சொன்னான். அந்த ஒரு சொல்லில் அவள் வேலை போனது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"தேதி இல்லைன்னு எப்படிப் பாத்தீங்க?" என்றாள்.

"மூல நிரல் இருந்த கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. அதனால, செயலி ஓடும்போதே கேட்டேன். ஆப்ஜெக்டிவ்-சி மொழியில class_copyPropertyListனு ஒரு கட்டளை இருக்குதே... ஒரு கிளாஸ்ல என்னென்ன பண்பு வெச்சிருக்குதுன்னு அதுவே சொல்லிரும்."

"எந்த கிளாஸைக் கேட்டீங்க?"

"முட்டைக்கோழி."

"அது சொந்தப் பண்பை மட்டுந்தானுங்க சொல்லும். தேதி எல்லாக் கோழிக்கும் பொதுங்கறதால அதோட அப்பன் கிளாஸ்ல இருக்குது, 'பறவை'யில. மேல மேல போய்க் கேக்கோணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியுங்க."

"தெரிஞ்சும் கேக்கலீங்களா சார்? ரொம்ப நல்லதுங்க."

கோபத்தோடுதான், மேல் கிளாஸையும் கேட்கும் நிரல் வரிகளைக் கௌசிக் சேர்த்தான். திரையில் வந்தன: கொட்டகை, எடை, தீவனம்... பிறகு, பறவை. தடுப்பூசித் தேதி. எச்சரிக்கை. எச்சரிக்கையைப் பார்த்தவர். அவற்றின் மதிப்புகளையும் கேட்டான். தேதி சரியாக இருந்தது. பார்த்தவர், அர்த்தநாரி.

தன்னை வளர்த்த மனிதர்... கௌசிக் போனை எடுத்தான்.

"பெரியப்பா, தேதி இருக்குதுங்க. நான்தான் அரைகுறையாப் பாத்துச் சொல்லிட்டேன். எச்சரிக்கை வந்ததைப் பாத்துட்டு, ஊசி போடச் சொல்லாம மூடுனது நீங்க."

மறுமுனையின் கத்தல் அவளுக்கும் கேட்டது. "ஏன்டா, எவளோ ஒருத்திக்காக என்னையவே சொல்றியா?"

"அவங்க செய்யாததுக்கு நாம பழி போட்டிருக்கோமுங்க."

இணைப்பு அறுந்தது. இனி இந்தப் பண்ணையில் அவனுக்கும் வேலை இருக்காது.

"திரும்ப வேலைக்கு வருவீங்களா?" என்று அவளிடம் கேட்டான்.

"மாட்டேனுங்க."

"அப்ப உங்களை எங்க பாக்கறது?"

"எதுக்குப் பாக்கோணும்?"

"உங்களைப் பிடிச்சிருக்குதுங்க... உங்க முன்னால தப்பா நிக்கறது தாங்கலை."

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். ஓட்டின்மேல் மழை இரைந்தது.

"எங்கப்பா, தப்பு என்னுதுன்னு நம்பி, ஒரு வாரமா எங்கிட்டப் பேசறதில்லீங்க. ஊட்டுக்கு வந்து, தப்பு யாருதுன்னு அவர்கிட்ட முதல்ல சொல்லுங்க."

"இப்பவே வாரேன். அப்புறம்?"

"அப்புறம்... எனக்கும் பிடிச்சிருக்குதுன்னு நானே அவர்கிட்டச் சொல்லிக்கறேன்."