அம்மாவின் நாற்பது வீடியோக்கள்

ஹார்டு டிஸ்க்கிலிருந்து கேபிளை உருவியபோது அதன் முனை ஈரமாக இருந்தது.

தம்பி அதைச் சட்டையில் துடைத்தான். கொழகொழவென்று நூல் பிடித்தது. மதிய வெயில் மேஜைமேல் அடிக்க, மூடி வைத்து மறந்துபோன பாத்திரத்தைத் திறந்ததுபோல் ஒரு ஊசல் வாடை எழுந்து, மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

போன மாதம் இறந்த அம்மாவின் வீடியோக்கள், மொத்தம் நாற்பது. அக்கா சாயங்காலம் விமானம் ஏறுவதற்குள் அவளுடைய டிஸ்க்கில் ஏற்றித் தர வேண்டும். கம்ப்யூட்டர் பழுது பார்த்தே வயிறு வளர்ப்பவன் அவன். “காப்பி பண்ணுங்க, கட் பண்ணாதீங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதுபவன். இன்று அவனே கட் பண்ணிவிட்டான். ஊருக்குத்தான் உபதேசம். ஒவ்வொரு வீடியோவும் அங்கே போய்ச் சேர்ந்ததும் இங்கே அழிந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகமும் குரலும் வேறெங்கும் இல்லை.

“என்னடா, ஆமை தூக்கிட்டுப் போயிருந்தா கூட இதுக்குள்ள முடிஞ்சிருக்கும்!” பக்கத்து அறையில் பெட்டி அடுக்கியபடி அக்கா கத்தினாள்.

“கேபிள் கோளாறுக்கா. மாத்திப் பாக்குறேன்.”

மாற்றினான். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் செருகினான். ஆன்டிவைரஸை நிறுத்தினான். வேகம் இன்னும் இறங்கியது. டிஸ்க்கில் காதை வைத்தான். பழுதான டிஸ்க் டிக் டிக்கென்று தட்டும், அது அவனுக்கு அத்துப்படி. இது தட்டவில்லை. வாயை மூடி மெல்லத் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல், சப் சப்பென்று, நிதானமாக, ருசித்து, நடுநடுவே எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தது. அவன் காது நனைந்தது. சீ!

போய்ச் சேர்ந்திருந்த முதல் வீடியோவைத் திறந்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். ஒரு கன்னம் இல்லை. விளிம்பில் பல் தடம்.

இரண்டாவதில் கைகள் இல்லை.

மூன்றாவதில் நாற்காலி மட்டும். ஈரமாக.

கேபிளைப் பிடுங்கி எறிந்தான். ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பினான்.

உள்ளே சுழல வேண்டிய காந்தத் தட்டு இல்லை. ஈறு. ஊறிச் சிவந்த ஈறு. சுற்றிலும் பொடிப் பற்கள். இடுக்கில் நரைமுடி.

“டேய், முடிஞ்சுதா?” அக்கா வாசற்படியில் நின்றாள்.

கேபிள் தரையில் கிடந்தது. திரையில் வேகம் ஏறியது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. முடிந்தது.

“இன்னும் ஒரே ஒரு வாய்டா, கண்ணு.”

அம்மாவின் குரல். சோறூட்டும்போது கெஞ்சும் அந்தக் கெஞ்சல்கூட அவளுடையதேதான். சொல்லிவிட்டு அந்த ஈறு எச்சில் வழிய அகலத் திறந்து, காத்திருந்தது.