பின்சீற்றுப் பாரம்

விரலளவு தொய்வு விட்டு இறுக்கிய செயின், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கம்பிபோல் விறைத்திருந்தது.

பிரதாபன் பின்சில்லின் நட்டை இளக்கி, மறுபடி தொய்வு பார்த்து இறுக்கினான். பரந்தன் சந்திக்கு அப்பால் வயலோரம் இருந்த அவனுடைய கராச்சில் அந்நேரம் வேறு யாருமில்லை. சித்திரை மழையில் கிளம்பிய மண் வாசமும் பழைய ஒயில் மணமும் கலந்து மூச்சை அடைக்க, தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே, மோட்டார் சைக்கிளின் பின் ஸ்பிறிங் மெல்ல முனகி அமுங்குவது கேட்டது. செயின் மறுபடி விறைத்தது. ஆள் ஏறினால்தான் செயின் அப்படி இறுகும் என்பது அவனுக்குத் தெரியாததா?

சீற்றில் யாருமில்லை.

அது ரஜிதனின் மோட்டார் சைக்கிள். மாரி மழையில் வயற்களிமண் அடைக்கும் என்று இங்கே எல்லாரும் செயின் கவரைக் கழற்றிவிடுவார்கள். ரஜிதனுக்கும் அவன்தான் கழற்றிக் கொடுத்தான். மாரி முடிந்ததும் ரஜிதனின் மனைவி ஜெயரூபி தனியாக வந்து, கவரைத் திரும்பப் பூட்டித் தரும்படி கேட்டாள். "நாளைக்குப் பூட்டிவிடுறன், தங்கச்சி" என்றான். அன்று பின்னேரமே, கணவனுக்குப் பின்னால் சீற்றில் ஒருபக்கமாக இருந்து போனவளின் நீலச் சோல் செயினில் சிக்கியது. கழுத்தில் சுற்றியிருந்த சால்வை.

அவள் வந்து கேட்டது ரஜிதனுக்குத் தெரியாது. இன்று மோட்டார் சைக்கிளைத் திருத்த விட வந்தவன் அழுதான்.

"சோலை இழுத்துப் பிடி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, அண்ணை. நான்தான் அவளைச் சாகக் குடுத்திட்டன்."

பிழை என்னுடையது, அவள் கேட்டவள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "விதியடாப்பா" என்றுதான் வாயில் வந்தது. வெட்கங்கெட்டவன்! தன்னையே திட்டிக்கொண்டு பிரதாபன் செயினைத் தொட்டான்.

ஸ்பிறிங் இன்னும் தாழ்ந்தது. சீற்றின் பின்பாதியில் ஒரு பள்ளம் விழுந்தது. ஒருபக்கமாக இருப்பவரின் பள்ளம்.

"சொல்லுறன், தங்கச்சி." செயினிலிருந்து கையை எடுத்தான். "நாளைக்குச் சொல்லுறன்."

பள்ளம் நிரம்பியது. ஸ்பிறிங் எழும்பியது. செயின் தொய்ந்து ஆடியது. அப்பாடா, போய்விட்டாள்.

கைகூடக் கழுவாமல் கதவைப் பூட்டினான். தன் மோட்டார் சைக்கிளை உதைத்து, பொழுதுபட்ட வயல் பாதையில் இறக்கினான். மாரியில் கழற்றிய கவரைத் தன்னுடையதிலும் பூட்டவில்லை என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

பின்பக்கம் தாழ்ந்தது.

ஓராள் பாரம்.

காலடியில் செயின் விறைத்தது. பிறேக்கை மிதித்தான். நிற்கவில்லை. மறுபடி மிதித்தான்.

ஈரத் துணி ஒன்று பின்னாலிருந்து வந்து அவன் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. நீலம். அதன் நுனி இடது தோளில் வழுக்கி, இடுப்பில் உரசி, செயினைத் தேடி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.