பயப்படுகிறவருக்கு மறைவறை

குணவதியின் மணிக்கட்டில் கட்டியிருந்த, பயத்தை அளக்கும் அச்சமானி பச்சையாக எரிந்தது. பச்சை என்றால் தைரியசாலி. தைரியசாலிகளுக்கு மறைவறை கிடையாது. நீதிமன்றத்துக்கு நேரில் வந்துதான் சாட்சி சொல்ல வேண்டும்.

மிரண்டுபோன சாட்சிகள் யார் கண்ணிலும் படாமல் காணொளி வழியாகப் பேசட்டும் என்று வந்த நல்ல ஏற்பாடுதான் மறைவறை. அதை யாருக்குத் தருவது என்று மனிதர்கள் முடிவு செய்தால் பாரபட்சம் வருமாம். அதனால் அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அது எதிரே இருப்பவர் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா என்றெல்லாம் பார்க்காது. நாடித்துடிப்பையும் வியர்வையையும் மட்டும் பார்க்கும்.

தம்பி செழியனைக் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனவர்களைப் பார்த்த ஒரே ஆள் குணவதி. ஒரு வருஷமாகக் கண்ணாடி முன் நின்று குரல் நடுங்காமல் பேசப் பழகியிருந்தாள். அதுவே அவளுக்கு வினையாக முடிந்தது. குற்றம் சாட்டப்பட்ட செங்கல் சூளை முதலாளி தனவேலுக்கோ சோதனையில் அச்சமானி சிவப்பு காட்டியது. அவருடைய வக்கீல் சபேசன் உடனே மனுப் போட்டு மறைவறையை வாங்கிக் கொடுத்துவிட்டார். எல்லாம் சட்டப்படிதான்.

குற்றவாளிக் கூண்டு காலியாக இருந்தது; தனவேல் மறைவறையில் இருந்தபடி காணொளியில் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் மேலே தனவேலின் அச்சமானியோடு இணைத்த ஒரு விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது. மறைவறையில் இருப்பவரின் பயம் எல்லை மீறினால் விளக்கு சிவந்து மணி அடிக்கும். அவர் தேறும்வரை சாட்சி வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

“என் தம்பியத் தூக்கிட்டுப் போனது தனவேல்தான்...” என்று அவள் ஆரம்பித்ததுமே மணி அடித்தது.

“நிறுத்துங்கம்மா,” என்றார் நீதிபதி ரெஜினா. சபேசன் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

குணவதிக்குக் கோபம் தலைக்கேறியது. தன்னைப் போன்றவர்களுக்காக வந்த மணி தனவேலையல்லவா காப்பாற்றுகிறது. அந்தக் கோபத்தோடு விளக்கையே முறைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

விளக்கு பச்சையானதும் நீதிபதி கேட்டார்: “தம்பிய எங்க கொண்டுபோனாங்கன்னு தெரியுமா?”

“தெரியாதுங்கம்மா. நான் தேடின இடத்தையெல்லாம் சொல்றேன். முதல்ல கல் குவாரி.”

சொல்லிவிட்டு விளக்கைப் பார்த்தாள். பச்சையாகவே இருந்தது.

“அப்புறம் அவரோட தென்னந்தோப்பு. அங்க இருக்கிற கிணறு.”

அதற்கும் விளக்கு மாறவில்லை.

“மூடிக் கிடக்கிற பழைய சூளை.”

மணி அடித்தது.

அது ஓய்ந்ததும் மறுபடி ஆரம்பித்தாள். தோப்பைச் சொன்னாள், குவாரியைச் சொன்னாள், நடுவில் பேருந்து நிலையத்தைக்கூடச் சேர்த்துக்கொண்டாள். சூளை என்ற இடத்தில் மட்டும் மணி அடித்தது. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

சபேசன் அவசரமாக எழுந்தார். “கருவியில ஏதோ கோளாறும்மா. என் கட்சிக்காரர் நல்லாத்தான் இருக்கார். அவருக்கு என்ன பயம்?”

“கோளாறுன்னா உங்க மனுவும் செல்லாது சார்,” என்றார் நீதிபதி. “அவர் இங்க வந்து இவங்க எதிர்ல நிக்கட்டும். கோளாறு இல்லேன்னா நான் சூளையத் தோண்டச் சொல்றேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சபேசன் அவகாசம் கேட்டார்.

தம்பி எங்கேயாவது உயிரோடு இருப்பான் என்று மனசின் ஒரு மூலையில் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள் குணவதி. தோண்டினால் அதுவும் போய்விடும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் வரட்டும்மா,” என்றாள். “சூளையையும் தோண்டுங்க.”