மேங்கோ கொண்டுவந்தது

வீரபாண்டிக்குத் தெற்கே மூடிக்கிடந்த சாயப்பட்டறைக்குக் காவலாக வேல்விழியும் அவள் கணவன் காசிமாயனும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, முதலில் வரவேற்றது நாய்தான். முப்பத்தைந்து கிலோ கனம். முன்னங்கால் இரண்டையும் அவள் தோளில் வைத்து முகமெல்லாம் நக்கியது.

"பயப்படாதீங்க அம்மிணி, கடிக்காதுங்க. பேரு மேங்கோ," என்றார் முதலாளி ஆறுச்சாமி. "எம் புள்ள ஜனனி வாங்குனது. அவ கனடா போயிட்டா. இத ஊட்டுல கட்டி வெச்சா சோபாவத் தின்னுபோடுது. இங்க எடமிருக்குது, ஓடட்டும்."

"மாங்காயா? பேரப் பாரேன்!" வேல்விழி சிரித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அன்றைக்கே நாய் அவள் காலடியில் படுக்கப் பழகியது.

ஜனனி வீடியோ காலில் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். இந்த இனத்தை உண்டாக்கியவர்கள் வேட்டைக்காரர்கள். சுட்ட வாத்து ஏரியில் விழுந்தால் நீந்திப் போய்க் கவ்விவர வேண்டும், ஓர் இறகும் கசங்கக் கூடாது. அதனால் இவற்றின் வாய் அத்தனை மிருது. முட்டையைக் கவ்வினாலும் உடையாது. கவ்வி வந்ததைக் கீழே போடவும் போடாது. அனுப்பியவர் கையை நீட்டி 'கொடு' என்று சொல்லும்வரை வாயிலேயே ஏந்தி நிற்கும். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் ஓடவிடாவிட்டால் வீட்டில் செருப்பு மிஞ்சாது. நனைந்தால் தோல்வரை துவட்ட வேண்டும். மேல்முடி தண்ணீரை வழியவிடும். உள்முடி பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துவைத்துப் புண்ணாக்கிவிடும்.

ஓடவைக்கப் பந்து வேண்டுமே. கடைப் பந்துகள் இரண்டே நாளில் நார்நாராயின. பட்டறைக் கோடியில், வெட்டி மிஞ்சிய பனியன் துணுக்குகளை அடைத்த ஒரு வேஸ்ட் மூட்டை கிடந்தது. ஆனால் பனியன் துணி இழுத்தால் நீளும். எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் தளர்ந்துவிடும். நடுவில் நெய்த துணி இருந்தால்தான் பந்து நிற்கும். மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கட்டம்போட்ட பழைய சட்டை ஒன்று வந்தது. பித்தான்களைப் பிய்த்துவிட்டு அதை உருண்டையாக்கி, மேலே வேஸ்டைச் சுற்றி, மேங்கோவின் மூக்கில் வைத்தாள்.

"நல்லா மோந்துக்க. போ, எடுத்துட்டு வா."

பத்து நாள் பந்துதான் வந்தது.

பதினோராம் நாள் நண்பகல், பந்து மண்மேட்டுக்கு அப்பால் விழுந்தது. சாயக்கழிவு தேங்கும் தொட்டியை மண் கொட்டி மூடிய மேடு அது. மேங்கோ வெகுநேரம் கழித்தே வந்தது. வாயில் பந்து இல்லை. ரப்பர் கையுறை ஒன்று இருந்தது.

நாய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மழை பெய்து நான்கு மாதம். துவட்டிய துண்டு கருநீலமாயிற்று. அழுகிய முட்டை நாற்றம் வீசியது.

மறுநாள் அவள் எதையும் எறியவில்லை. அதே நேரத்துக்கு நாய் தானாகப் போய் ஒரு ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்தது. வேல்விழி மேட்டில் ஏறிப் பார்த்தாள். குழி இல்லை, பொந்து இல்லை. காய்ந்து வெடித்த மண். ஈரக் காலடிகள் மேட்டின் நடுவிலிருந்து தொடங்கின.

டீக்கடைக்குப் போன காசிமாயன் முகம் வெளிறி வந்தான்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி தொட்டி கழுவ எறங்குன ரெண்டு பேரு வெசவாயு தாக்கிச் செத்துட்டாகளாம் புள்ள. மூணாவதா ஒரு இந்திக்காரரும் எறங்குனாராம். அன்னைக்குக் காலையிலதான் வேலைக்கு வந்தவரு, பேருகூட யாருக்கும் தெரியல. பயந்து ஓடிட்டான்னு மொதலாளி சொல்லி, மறுநாளே தொட்டிய மூடிட்டாரு."

"நெசமாவே ஓடிருப்பாரோ என்னமோ?"

"ஓடுறவரு சட்டையில்லாமயா ஓடுவாரு? கழத்தி வேஸ்ட் மூட்டை மேல வச்சுட்டு எறங்குனாராம். கட்டம்போட்ட சட்டை."

வேல்விழி பந்துக்குள் சுருட்டி வைத்தது அந்தச் சட்டையைத்தான்.

அடுத்த நாள் மேங்கோவைச் சங்கிலியில் கட்டிப் போட்டாள். நண்பகலில் பார்த்தபோது சங்கிலி இருந்தது. கழுத்துப்பட்டை அவிழாமல் அதில் தொங்கியது. நாய் இல்லை.

அது திரும்பி வந்தது. முதல்முறையாக ஓடி வரவில்லை. நின்று நின்று, பக்கத்தில் வருபவருக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொள்வதுபோல வந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

வாயில் ஒன்றுமில்லை.

அவள் முன்னால் வந்து உட்கார்ந்து, முகத்தை உயர்த்தி, காத்திருந்தது.

வேல்விழி கையை நீட்டவில்லை.

மேங்கோ தண்ணீர் குடிக்கவில்லை. வாயை மூடவும் இல்லை. வைத்தியர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "வாய்ல ஒண்ணுமில்லீங்க. ஆனாத் தாடை அசையமாட்டீங்குது," என்றார். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்து நாக்கின் வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். வாய் அசையாவிட்டால் சித்திரை வெயில் உள்ளேயே தங்கி வேகவைத்துவிடும். பிடரித் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளியது கிள்ளியபடி நின்றது. உடம்பில் நீரில்லை. தோலுக்கடியில் சலைன் ஏற்றினார்.

"நாளைக்குத் தாங்காதுங்க."

இரண்டாம் நாள் மதியம் அதன் கண்கள் உள்ளே போய்விட்டன. அப்போதும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீட்டாத புள்ள," காசிமாயன் கிசுகிசுத்தான். "நாயி போனாப் போகுது."

"அதுமேல என்ன தப்பு? எடுத்துட்டு வான்னு அனுப்புனது நானு."

மண்டியிட்டாள். வலக்கையை நீட்டினாள்.

"கொடு."

மேங்கோ வாயை அகலத் திறந்தது.

உள்ளங்கையில் ஈரம் பட்டது.

பிறகு கனம்.

பிறகு, ஒவ்வொன்றாக, ஐந்து விரல்கள் அவள் கையைப் பற்றின.

நாய் தள்ளாடிப் போய் வாளியில் முகத்தைப் புதைத்து, தண்ணீரை அடிவரை குடித்துத் தீர்த்தது. வேல்விழி அழுதுகொண்டே பார்த்தாள். எழுந்துபோய் அதைத் தடவ முடியவில்லை.

அதிலிருந்து நான்காம் நாள் ஆறுச்சாமியின் கார் வந்தது. மேங்கோ வாலாட்டவில்லை. வேல்விழியின் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தது.

"நாய் தேறிருச்சுங்களா? ஜனனி அழுதழுது போன் பண்ணிப்போட்டா," என்றபடி இறங்கினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னங்க அம்மிணி, மொதலாளின்னு ஒரு கும்புடுகூட இல்லீங்களா?"

கும்பிட இரண்டு கை வேண்டும். அவளுடைய வலக்கை விரல்கள் நான்கு நாளாக எதையோ சுற்றி வளைந்தபடியே இருந்தன. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. சாப்பிட்டது, தலை முடிந்தது எல்லாம் இடக்கையால்தான்.

"தொட்டிய மூடச் சொன்னது நீங்கதானங்க மொதலாளி?"

"ஆமாங்க. அதுக்கென்ன இப்ப?"

வேல்விழி தன் வலப்பக்கம் திரும்பினாள்.

"இவருதான்," என்றாள் மெல்ல.

நான்கு நாளில் முதல்முறையாக அந்தப் பிடி தளர்ந்தது. மேங்கோ எழுந்து, ஆறுச்சாமிக்குப் போகும் வழியிலிருந்து விலகி நின்றது.

"நாம் பேசிக்கிட்டே இருக்கறேன், நீங்க அங்க யாருகிட்ட..." ஆறுச்சாமி பாதியில் நிறுத்தினார். குனிந்து, தம் வலக்கையைப் பார்த்தார்.