வால் விளக்கு இல்லாத வண்டி

கரண்ட் போன பிறகுதான் மணி அடித்தது. டிங் என்று, ஒரே ஒரு தடவை.

எப்சி அடுக்களையில் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்தாள். மத்தியானம் பிடித்த ஐப்பசி மழை விட்டபாடில்லை. பொழுது சாயும் முன்பே பாளையங்கோட்டை இருட்டிப்போய், தெருவில் சாக்கடை நிரம்பி ஓடும் சத்தமும், கூடத்து மேசைக்கு அடியில் சாலோமி தன் பொம்மையோடு பேசும் முணுமுணுப்பும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. மணி அடித்ததும் அவள் தானாக நிமிர்ந்தாள். நாலு வருஷப் பழக்கம்.

எல்லாம் அந்த ரயிலால் வந்த வினை. அவள் கணவன் ஹெப்ரான் டாக்டர். அயர்லாந்தில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது மற்றவர்களைப்போல் சேலையும் செண்டு பாட்டிலும் கொண்டுவரவில்லை. மரப்பெட்டி மரப்பெட்டியாகப் பொம்மை ரயில் கொண்டுவந்தான். பொம்மை என்று சொன்னால் கோபம் வேறு பொத்துக்கொண்டு வரும். அங்கே அவன் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ரயில் பாதை. எந்த வண்டி எப்போது போனது, எத்தனை பெட்டி, எந்த இஞ்சின், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அதை அப்படியே இங்கே ஓட்டினான். சாப்பாட்டு மேசை கிடக்கவேண்டிய கூடத்தில் சுவரை ஒட்டி நீள மேசையாகப் பலகை அடித்து கிளேர்மாரிஸ் ஸ்டேஷன். பின் அறையில் ஏதன்ரை ஸ்டேஷன். நடுச்சுவரில் உள்ளங்கை உயரத்துக்கு ஓர் ஓட்டை போட்டு, அதை மறைக்க அட்டையில் ஒரு கல் பாலம். பாலத்துக்கு அடியில் நுழைந்து வண்டி இந்த அறைக்கு வரும்.

ஓட்ட இரண்டு பேர் வேண்டும். அவன் பின் அறையில், அவள் கூடத்தில். பேசக்கூடாது. நிஜ ஸ்டேஷன் மாஸ்டர்கள் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று கத்திக்கொள்வார்களா என்பான். மணிதான் பேச்சு. ஒரு தடவை அடித்தால், கவனி. அவளும் ஒன்று அடிக்கவேண்டும். அடுத்து அந்த வண்டிக்குரிய அடி வரும். கேட்டதைக் கேட்டபடியே அவள் திருப்பி அடித்தால், வரட்டும் என்று அர்த்தம். இஷ்டமில்லை என்றால் சும்மா இருக்கவேண்டும். எப்சி ஒரே ஒரு நாள் சும்மா இருந்தாள், பால் பொங்கியதால். அன்றைக்கு விழுந்த அறை இன்னும் காதுக்குள் கேட்கிறது.

"வண்டி வந்ததும் கடைசிப் பெட்டியோட முதுகப் பாரு. அங்கன சிவப்பு வால் விளக்கு இருக்கணும். வண்டி நம்மளத் தாண்டிப் போவையிலதான் அது தெரியும். நம்மளப் பாத்து வார வண்டியில சிவப்பே கிடையாது. விளக்கு இல்லன்னா பாதி வண்டி அத்துக்கிட்டுப் பின்னால நிக்கின்னு அர்த்தம். இதுகூட மண்டையில ஏறாதா?"

மைசூர்ப் பருப்பு அளவு விளக்கு. போன வாரம் ஆறு வயசுச் சாலோமி அதில் ஒன்றைக் கழற்றிப் பொம்மைக்குக் கம்மலாகப் போட்டுவிட்டாள். ஹெப்ரான் ஸ்கேலால் பிள்ளையின் உள்ளங்கையில் அடித்தான். எப்சி தினமும் அந்தத் தழும்புக்கு எண்ணெய் தடவினாள். இனி ஒரு தடவை பிள்ளைமேல் கை வைத்தால் பொறுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வர, அவன் பின் அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினான்.

"நான் வார வரைக்கும் ஒண்ணையும் தொடாத."

"நான் எதுக்குத் தொடுதேன்? எனக்கு மாவாட்டணும்."

இப்போது மறுபடியும் டிங். பொறுமை இழந்த டிங்.

சீவலப்பேரிப் பக்கம் ஆறு பெருகிவிட்டது என்று காலையிலேயே பேச்சு. ஹெப்ரான் ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாமல் திரும்பி, புறவாசல் வழியாக நேரே தன் ரயிலிடம் போயிருப்பான். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கூப்பிட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடும். மணி டார்ச் பேட்டரியில் ஓடுவது, கரண்ட் இல்லாவிட்டாலும் அடிக்கும். எப்சி மெழுகுவர்த்தியோடு கூடத்துக்கு ஓடி, ஒன்று அடித்தாள்.

பதில் வந்தது. ஒன்று. சிறிது விட்டு மூன்று. சிறிது விட்டு ஒன்று.

அவள் கேட்டிராத அடி. சரக்கு வண்டி இல்லை, பாசஞ்சர் இல்லை. ஆனால் விரலுக்கு யோசிக்கத் தெரியவில்லை. ஒன்று, மூன்று, ஒன்று. திருப்பி அடித்துவிட்டாள்.

அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு வண்டியை மட்டும் ஹெப்ரான் ஓட்டியதில்லை. சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் வெற்றுப் பெட்டிகள், கடைசியில் ஒரே ஒரு பயணிப் பெட்டி. அந்தப் பயணிப் பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "அது வேண்டாம்" என்றான். அவன் பயந்து அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பாலத்துக்கு அடியிலிருந்து தண்டவாளம் கிரீச்சிட்டது. கரண்ட் இல்லை. பேட்டரி மணிக்கு மட்டும்தான். இருந்தும் இஞ்சின் வந்தது, கறுப்பும் ஆரஞ்சுமாக, மெதுவாக. பின்னால் கிழங்குப் பெட்டிகள். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூடவே ஒரு புகை நாற்றம். அயர்லாந்தில் விறகாக எரிக்கும் சதுப்பு நிலத்து மண்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஹெப்ரான் ஒருநாள் எரித்துக் காட்டினானே, அதே நாற்றம்.

வண்டி நின்றது. பயணிப் பெட்டி இல்லை. கடைசிக் கிழங்குப் பெட்டியின் முதுகில் வால் விளக்கும் இல்லை.

"ஏட்டி சாலு, விளக்க எடுத்தியா? அப்பா அடிப்பாங்க. தந்துரு."

"நான் எடுக்கலம்மா." மேசைக்கு அடியிலிருந்து குரல். "எம்மா, சுவத்துக்குள்ள ஒரு பெட்டி நிக்கி."

"என்னட்டி சொல்லுத?"

"அதுல ஆளு இருக்காங்க. என்னியக் கூப்பிடுதாங்க."

"அங்கனயே இரு. அசையாத" என்று சொல்லிவிட்டு எப்சி புறவாசலுக்கு ஓடினாள். மழை முகத்தில் அறைந்தது. ஹெப்ரானின் ஸ்கூட்டர் இல்லை. பின் அறைக் கதவில் பூட்டு தொங்கியது. அவள் கதவில் காதை வைத்தாள். உள்ளே ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

திரும்பி ஓடிவந்தாள். மேசைக்கு அடியில் பொம்மை கிடந்தது.

பொம்மை மட்டும்.

"சாலு!"

படுக்கையறை. அடுக்களை. கட்டிலுக்கு அடியில். வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். ஆண்டவரே, ஆண்டவரே.

"எம்மா."

சுவரிலிருந்து.

எப்சி பாலத்தின்மேல் விழுந்தாள். அட்டை நொறுங்கியது. கன்னத்தைத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டைக்குள் பார்த்தாள். இருட்டு. புகை. குளிர், பாளையங்கோட்டையில் அடிக்காத குளிர்.

"எம்மா, விளக்கு எங்கிட்டதான் இருக்கு."

"வந்துரு மக்கா. அம்மாட்ட வந்துரு."

"நீங்க மணி அடிச்சாத்தான் விடுவாங்களாம்."

டிங்.

அவள் ஒன்று அடித்தாள்.

ஒன்று. மூன்று. ஒன்று.

சும்மா இருக்கலாம். இருந்தால் பிள்ளை அங்கேயே நிற்கும். அடித்தால், வரட்டும் என்றுதானே அர்த்தம். வரட்டும். என் பிள்ளை வரட்டும். திருப்பி அடித்தாள். ஒன்று. மூன்று. ஒன்று.

உள்ளே சக்கரம் உருளும் சத்தம். இருட்டுக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பருப்பளவு. எப்சி அழுதுகொண்டே சிரித்தாள். ஓட்டைக்குள் கையை முழங்கைவரை நுழைத்துத் துழாவினாள். "வா தங்கம், வா வா."

கையை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

வெளிச்சம் சிவப்பாக இருந்தது.

அதற்குப் பக்கத்தில், தீப்பெட்டி அளவுப் பெட்டியின் பின் ஜன்னலில், ஒரு சின்ன உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டியிருந்தது. குறுக்கே ஸ்கேல் தழும்பு.

அந்தச் சுவர் ஒரு செங்கல் கனம்தான். அவளே நின்று பூச்சு பார்த்த சுவர். ஆனால் விளக்கு பையப் பையச் சிறுத்து, போய்க்கொண்டே இருந்தது.