இளங்கோ வீட்டுப் புது டிவி

புதன், காலை ஏழரை மணி. திருப்பூர் அருகே பெருமாநல்லூர்.

டப்பா காலியாக இருந்தது.

செல்லத்தாய் அதைக் கவிழ்த்துத் தட்டினாள். கையை விட்டுத் துழாவினாள். நகையைச் சுற்றி வைத்திருந்த சிவப்புத் துணி மட்டும் வந்தது. பிரிசில்லாவின் படுக்கையறையில், திறந்த பீரோவுக்கு முன்னால், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அவள் மகள் ஜோதிகாவுக்குக் கல்யாணம்.

ஈமு கோழி வளர்த்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று நம்பிக் கொங்கு நாடே மொட்டையடித்துக்கொண்ட வருஷம் அது. கரண்ட் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போன வருஷமும் அதுதான். செல்லத்தாய், பிரிசில்லாவின் கணவன் இளங்கோ நடத்தும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இளங்கோ வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் குடியிருந்தாள். லைன் வீட்டுக் கதவுகளைப் பூனை முட்டினாலே திறந்துகொள்ளும். அதனால் அங்கே குடியிருப்பவர்கள் நகைநட்டை ஓனரம்மா பீரோவில் வைப்பார்கள். சங்கிலி, வளையல், தோடு என்று ஓவர்டைம் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை எல்லாம் செல்லத்தாயும் அங்கேதான் வைத்திருந்தாள்.

பீரோ உடையவில்லை. சாவி வழக்கம்போல பீரோவின் தலையிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பிரிசில்லா சேலை எடுக்கும்போது டப்பாவை நகர்த்தியிருக்கிறாள். உள்ளே நகை குலுங்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதன்பின் சேவூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு நான்கு மணிக்குத் திரும்பினாள். நகை போனது இடைப்பட்ட நேரத்தில்தான்.

காலை ஒன்பதரை. காவல் நிலையம்.

சப்-இன்ஸ்பெக்டர் விஜயராணிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அதட்டிப் பேசுவாள். ஆனால் பதில் முழுதாக வரும்வரை காத்திருப்பாள். அந்த வட்டாரக் காவல் துறையில் அந்தப் பொறுமை அவளிடம் மட்டும்தான் இருந்தது. ஏட்டு பெருமாள்சாமி அதற்குள் ஆளைக் கொண்டுவந்து, சட்டையைக் கழற்றித் தரையில் உட்கார வைத்துவிட்டார். செல்லத்தாயின் புருஷன் தவசி. லோடு ஆட்டோ டிரைவர். இளங்கோவின் புது டிவியைக் கடையிலிருந்து ஏற்றி வந்தவனும் அவன்தான்.

"நேத்து அந்த வீட்டுக்கு எத்தனை தடவ போன?"

"ரெண்டு தடவ தாயி. காலைல டிவிய எறக்க. மத்தியானம் அந்த அட்டப்பெட்டிய எடுக்க. கல்யாணச் சாமான் கட்ட ஆகுமேன்னு."

"மத்தியானம் உள்ள போனியா?"

"கதவத் தட்டுனேன். யாரும் தொறக்கல. பெட்டி பின்னால ஷெட்டுல கெடந்துச்சு. எடுத்துட்டு வந்துட்டேன்."

"சாவி எங்க இருக்கும்னு தெரியுமா?"

"தெரியும் தாயி. நகைய வைக்கப் போனப்ப நானும் கூடப் போனேன்."

"குடிச்சிருந்தியா?"

தவசி தலையைக் குனிந்தான். "கொஞ்சம்."

அந்த ஒரு சொல்லிலேயே வழக்கு முடிந்துவிட்டதாகப் பெருமாள்சாமி முடிவுகட்டினார்.

அடுத்து வந்தவன் சுரேந்தர். இளங்கோவின் சித்தப்பா மகன், கம்பெனி சூப்பர்வைசர். புது டிவி இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக மனசு வராமல் இளங்கோ அவனைத்தான் காவல் வைத்திருந்தார்.

"பன்னெண்டு மணிக்கு அண்ணன் கம்பெனிக்குப் போனாருங்க. நான் ஹால்ல உக்காந்து கிரிக்கெட் பாத்தேனுங்க. ரண்டு மணி வாக்குல இவன் வந்து தண்ணி கேட்டான். உள்ள போய்க் குடிச்சுக்கன்னு சொன்னேன். மேட்ச் டைட்டாப் போச்சுங்களா, நான் திரும்பிக்கூடப் பாக்கலீங்க."

"பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் கரண்டே கெடையாதே?"

"அண்ணன் ஊட்ல இன்வெர்ட்டர் இருக்குதுங்களே மேடம். எல்சிடி டிவி அதுல அருமையா ஓடுதுங்க. வாங்கறப்போ கடைக்கு நானும்தான கூடப் போனேன்."

எந்த ஓவரில் எவன் அவுட் என்பதுவரை ஒப்பித்தான். தான் திரும்பி வந்தபோது சுரேந்தர் டிவி முன்னால் இருந்ததைப் பிரிசில்லாவும் சொன்னாள்.

செல்லத்தாயின் கையில் இருந்த செல்போன் அழைத்தது. மாப்பிள்ளை வீடு. சேதி அதற்குள் அங்கே போய்விட்டது. "நக கொறஞ்சா ஒக்காந்து பேசிக்கிடலாம். அப்பன் திருடன்னா பேச ஒண்ணுமில்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்கள். தூணோரம் நின்ற ஜோதிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்லத்தாய் புருஷன் மேல் பாய்ந்தாள்.

"எங்கய்யா வச்சிருக்க? குடிச்சுத் தொலச்சிட்டியா? எம் பிள்ள வாழ்க்கைய வித்தா குடிச்ச?"

"நான் எடுக்கல செல்லம்."

"எழுதிக்கோங்கம்மா. இந்த ஆளுதான். வேற யாரு எடுப்பா?"

மறுநாள் காலை ஆளைக் கோர்ட்டில் நிறுத்திவிடச் சொல்லி இன்ஸ்பெக்டரின் போனும் வந்தது. கோர்ட் வாசலை மிதித்துவிட்டால் கல்யாணம் அத்தோடு சரி. விஜயராணிக்கு மனசு ஆறவில்லை. சாவி இருக்கும் இடம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தவசியைத் திருடன் ஆக்குவது சுரேந்தரின் பேச்சு ஒன்றுதான்.

பகல் பன்னிரண்டுக்குச் சற்று முன். இளங்கோவின் வீடு.

ஹாலில் மூன்று பெரிய ஜன்னல்கள். எதிர்ச் சுவரில் புது டிவி ஓடிக்கொண்டிருந்தது. விசாரணைக்கு வந்த பெருமாள்சாமி நேற்றைய மேட்ச்சின் மறு ஒளிபரப்பில் மெய்மறந்து நின்றார்.

"இதை வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சுங்க மேடம்," என்றாள் பிரிசில்லா. "கடையில எல்சிடி, பிளாஸ்மா ரண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட உட்டாங்க. இவருக்குப் பிளாஸ்மாதான் வேணுமாம். கறுப்புன்னா அட்டக் கறுப்பாத் தெரியுமாம், பந்து ஓடறது பிசிறடிக்காதாமா. நான் உடலீங்க. பிளாஸ்மா கரண்ட்டை இழுக்கும், சூடாகும், மூஞ்சி பாக்கற கண்ணாடியாட்ட ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். எல்சிடின்னா கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடும். கடைக்காரப் பையனே நாஞ் சொன்னதுதான் சரின்னுட்டான். எல்சிடிதான்னு முடிவு பண்ணிட்டு வந்துட்டோமுங்க."

விஜயராணி சிரித்துவிட்டாள். இதே சண்டை அவள் வீட்டிலும் தீபாவளியிலிருந்து நடக்கிறது. கொலைக் கேஸில்கூட இத்தனை வாதம் அவள் கேட்டதில்லை.

இளங்கோ சிரிக்கவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது டிவி அணைந்தது.

"அடச்சே, கரண்ட் போச்சா!" என்றார் பெருமாள்சாமி. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரிசில்லா காபி போட அடுப்படிக்குப் போனாள். திருப்பூர்க்காரர்களுக்குக் கரண்ட் போவதெல்லாம் ஒரு சங்கதியா?

விஜயராணி மட்டும் டிவிக்குப் பக்கத்தில் போனாள். கறுத்துப்போன திரையில் அவள் தொப்பியும் பின்னாலிருந்த ஜன்னல் கம்பிகளும் பளிச்சென்று தெரிந்தன. உள்ளங்கையை வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது.

"இளங்கோ சார், கொஞ்சம் வெளிய வாங்க."

வாசலில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இளங்கோ அடுப்படிப் பக்கம் பயந்து பயந்து பார்த்தபடி பதில் சொன்னார்.

மாலை ஐந்து மணி. காவல் நிலையம்.

எல்லோரும் இருந்தார்கள். காலையிலிருந்து செல்லத்தாய் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"சுரேந்தர், நேத்து மத்தியானம் டிவி நடுவுல நிக்கவே இல்லையா?"

"இல்லீங்க மேடம். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் எடுத்துக்கிச்சு. ஒரு பால்கூட உடலீங்க."

"அப்ப நகைய எடுத்தது நீதான்."

சுரேந்தர் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"இன்னிக்கு எங்க கண்ணு முன்னாடி கரண்ட் போச்சு. ஃபேன் சுத்துச்சு, டிவி நின்னுச்சு. யாரும் கவனிக்கல. அந்த டிவி இன்வெர்ட்டர்ல ஓடாது. ஏன்னா அது எல்சிடியே இல்ல. ஒங்க அண்ணன் கடையில தலையாட்டிட்டு, சாயங்காலமே போன் பண்ணிப் பிளாஸ்மாவா மாத்திட்டாரு. அது இழுக்குற இழுப்புக்கு இன்வெர்ட்டர் தாங்காதுன்னு கடை ஆள் தனியா நேர் லைன்ல மாட்டிவிட்டுப் போயிருக்கான். வீட்டம்மாவுக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. கரண்ட் இல்லாத நேரத்துல அந்த ஹால்ல ஒருத்தன் மேட்ச் பாத்திருக்கவே முடியாது. தவசி கதவத் தட்டுனப்ப நீ வீட்லயே இல்ல. மேட்ச்ச வேற எங்கயோ பாத்துட்டு, கரண்ட் வந்தப்பறம் வந்து டிவி முன்னாடி உக்காந்த."

"பிளாஸ்மாவா?" என்று கத்தினாள் பிரிசில்லா. இளங்கோ நாற்காலியோடு ஒடுங்கினார். "ஏனுங்க, சின்னக் கொழந்தைக்குச் சொல்றாப்புல சொன்னனே, அத்தனையும் கேட்டுப்போட்டுமா?"

"அதை ஊட்ல போய்ப் பேசிக்கலாம் பிரிசி..." என்றார் இளங்கோ.

சுரேந்தர் மடங்கி உட்கார்ந்து அழுதான். பொண்டாட்டி நகையை விற்று ஈமு கோழியில் போட்டது அத்தனையும் போய், அந்த நகைக்கு மாமனார் பதில் கேட்கிறாராம். தவசிதான் குடிகாரன் ஆயிற்றே, அவன் பேச்சை யார் நம்புவார்கள் என்று நினைத்தானாம். அவன் கணக்குத் தப்பவில்லை. யாரும் நம்பவில்லை. நகை அவன் தோட்டத்தில், ஆளில்லாத ஈமு கொட்டகையில், தீவன மூட்டைக்குள் இருந்தது.

பெருமாள்சாமி போய் எடுத்து வந்து மேசையில் வைத்தார். விஜயராணி மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போன் பேசினாள். நகையை எடுத்தவன் வேறு ஆள் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள். கல்யாணம் நிற்காது என்று பதில் வந்தது. ஜோதிகா ஓவென்று அழுதுகொண்டே அப்பன் கையைப் பிடித்தாள்.

தவசி சட்டையைப் போட்டுக்கொண்டான். நகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. செல்லத்தாய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே வந்தாள். காலையில் அத்தனை பேர் நடுவில் கத்தியது நினைவுக்கு வந்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"வாய்யா, வீட்டுக்குப் போவோம்," என்றாள் கடைசியில்.

"எல்லாஞ் சரியா இருக்கான்னு இங்கயே பாத்துக்க செல்லம்," என்றான் தவசி. அவன் குரலில் கோபமே இல்லை. "வீட்டுக்குப் போயி ஒண்ணு கொறஞ்சா, மறுபடி எங்கிட்டதான கேப்ப."

மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். செல்லத்தாய் அங்கேயே நின்று அழுதாள்.